அக்கா ஒட்டிய மீசை

1

இந்தக் கதை எப்படி வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்: திருடினேன். பாதி அக்காவிடமிருந்து, மீதி அவளுடைய நர்ஸிடமிருந்து.

அக்கா ஓவியர். படங்களை யாரும் சீந்தாததால், நைட் கிளப்பில் மீசை ஒட்டி, கோட்டு மாட்டி, ஆண்குரலில் பாடினாள். என் கல்யாணத்துக்கு அவளை நான் கூப்பிடவில்லை. கேட்டவர்களிடம் "வெளிநாட்டுல இருக்கா" என்றேன். இருந்தது இரண்டு தெரு தள்ளி.

2

(கைவிட்ட தொடக்கம்: 'மேடை வெளிச்சத்தில் அவள் கண்களில் சொல்லொணாச் சோகம்...' சோகமாவது ஒன்றாவது. மை உள்ளே போய் எரிந்தது.)

முப்பத்தோரு வயதில் மருத்துவம் படிக்கப் போனாள். கதையில் காரணமாகக் காட்ட ஒரு சாவும் ஒரு காதல் தோல்வியும் தயாராக வைத்திருந்தேன். எதற்கும் அவளையே கேட்டேன்.

"பாடி முடிச்சுட்டு வந்தவங்க மேசையில போய் உக்காந்தா, ஆளாளுக்கு கதை சொல்லி அழுவாங்க. கேக்கத் தெரிஞ்சுது. அப்புறம் என்ன செய்யணும்னு தெரியல. அதான் படிச்சேன்."

இவ்வளவு நியாயமான காரணத்தை வைத்துக்கொண்டு எவன் கதை எழுதுவது?

3

அவள் மனநல மருத்துவரானதும் 'எங்க டாக்டரக்கா' என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டவன் யாரென்று நான் சொல்லப்போவதில்லை.

அவளிடம் பத்தொன்பது வயதுப் பெண் ஒருத்தி வந்தாள். அண்ணன் விபத்தில் இறந்ததிலிருந்து பேச்சில்லை. ஆறு வாரம் ஜன்னலையே பார்த்தாள். ஏழாவது வாரம் அக்கா இழுப்பறையிலிருந்து மீசையை எடுத்து ஒட்டிக்கொண்டு பாடினாள். கதவுக்கு வெளியே நர்ஸ் உறைந்து நின்றார்.

பாட்டின் நடுவில் அந்தப் பெண் வாய் திறந்தாள்.

"டாக்டர், மீச தலகீழா இருக்கு."

பிறகு நாற்பது நிமிடம் அழுதாள்.

தலைமை மருத்துவர் அக்காவை அழைத்தார். "இது ஆஸ்பத்திரியா, கிளப்பா?"

"ரெண்டு இடத்துக்கும் அதே ஆளுங்கதான் சார் வர்றாங்க."

விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. மூன்று பக்கம் பதில் எழுதினாள். மன்னிப்பு என்ற சொல் அதில் இல்லை.

4

கதைக்கு நான் எழுதிய முடிவில் அந்தப் பெண் குணமாகி மேடையேறிப் பாடினாள். தலைமை மருத்துவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அக்கா படித்தாள்.

"நடுவுல ரெண்டு தடவ மறுபடி பேச்சு நின்னுபோச்சு. அது எங்க?"

"அதெல்லாம் போட்டா கதை இழுக்கும்."

"இந்த முடிவ தூக்கிடு. அவ இன்னும் உயிரோட இருக்கா."

எடுத்துவிட்டேன். உங்களுக்கு வேண்டுமானால் ஒரு முடிவை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். அக்காவிடம் மட்டும் காட்டாதீர்கள். படித்துவிட்டு, "இது உங்களுக்கு ஏன் தேவைப்படுது?" என்று மெதுவாகக் கேட்பாள். கேட்டுவிட்டு, நீங்கள் பேசும்வரை காத்திருப்பாள்.