அன்னபூர்ணியின் கட்டைவிரல்

மைசூர் அக்ரஹாரத்தை ஒட்டியிருக்கும் தனியார் பள்ளி ஒன்றில் அன்னபூர்ணி பதினோரு வருடமாக நூலகர். ஜூன் மாதம் நூலகத்துக்கு முப்பது டேப்லெட்டுகள் வந்தன. யார் எத்தனை பக்கம் படித்தார்கள் என்று அவையே எண்ணிவிடும். மாதக் கடைசியில் 'சரிபார்த்தேன்' என்று அவள் கையெழுத்துப் போட வேண்டும்.

இரண்டே வாரத்தில் பிள்ளைகள் சூட்சுமத்தைப் பிடித்துக்கொண்டார்கள். அரட்டை அடித்தபடியே விரலால் பக்கங்களைத் தள்ளினார்கள். நாற்பது நிமிடத்தில் இருநூறு பக்கம். அன்னபூர்ணி பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். பார்த்துக்கொண்டே மூன்று மாதமும் கையெழுத்துப் போட்டாள். முதல்வர் விஜய்குமார் அந்த எண்களைப் பெற்றோர் கூட்டத்தில் திரையில் காட்டினார்.

செப்டம்பரில் முதல்வரிடமிருந்து ஒரு பட்டியல் வந்தது. பக்கம் நகராமல் டேப்லெட்டைச் சும்மா திறந்துவைத்திருப்பவர்களுக்கு இனி அது கிடையாது. பட்டியலில் ஒரே பெயர்: எட்டாம் வகுப்பு பூங்குழலி. தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ராமாபுரத்துப் பெண், விடுதியில் தங்கிப் படிக்கிறாள்.

"ஏம்மா, ஒரு மணி நேரமா ஒரே பக்கமா?" என்று அன்னபூர்ணி கேட்டாள்.

"அது வாசிக்கறதக் கேக்கறனுங்க மேடம். இங்கிலீசு சட்டுனு புரியமாட்டேங்குதுங்க. மெதுவா வெச்சு நாலஞ்சு தடவ கேட்டாத்தான் மண்டைல ஏறுது."

இயர்போனைக் கழற்றி நீட்டினாள். இதயத்துக்குள் ரத்தம் போய்வரும் பாதையை ஒரு குரல் நிறுத்தி நிறுத்திச் சொல்லிக்கொண்டிருந்தது.

அன்னபூர்ணி நேரே முதல்வர் அறைக்குப் போனாள். "சார், அந்தக் கணக்கே தப்பு. அந்தப் பொண்ணு ஒருத்திதான் நிஜமா படிக்கறா."

"தப்புன்னா மூணு மாசமா எதுக்கு மேடம் சைன் பண்ணீங்க?" என்று அவர் கன்னடத்தில் கேட்டார். குரலில் கோபம்கூட இல்லை. "ட்ரஸ்டிகிட்ட நான் என்ன சொல்லட்டும்? நீங்களே சொல்லுங்க."

அன்னபூர்ணி அந்தப் பட்டியலிலும் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தாள்.

மறுநாள் தன் பெயரில் ஒரு டேப்லெட்டைத் திறந்து பூங்குழலியிடம் கொடுத்தாள். ஆசிரியர்களுக்கும் ஊழியர்களுக்கும் பக்கக் கணக்கு கிடையாது, நேரம் மட்டும்தான். "யார்கிட்டயும் வாய திறக்காதே" என்றாள்.

டிசம்பரில் காலை வழிபாட்டில் முதல்வர் அன்னபூர்ணியின் பெயரை அறிவித்தார். அதிக நேரம் படித்த ஊழியர், தொண்ணூறு மணி நேரம். மைக்கைக் கையில் கொடுத்து, என்ன படித்தீர்கள் என்றார். வரிசையில் பூங்குழலி தலையைக் குனிந்துகொண்டாள்.

"எட்டாம் கிளாஸ் சயின்ஸ்" என்றாள் அன்னபூர்ணி. பள்ளியே சிரித்தது.

மற்ற ஆசிரியர்களும் அப்படிப் படிக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. அவர்கள் தங்கள் டேப்லெட்டுகளைப் பிள்ளைகளிடம் கொடுத்து நேரத்தை ஓடவிட்டார்கள். அது தெரிந்ததும் இன்னோர் உத்தரவு: யார் பெயரில் திறந்ததோ அவர் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கட்டைவிரலை வைத்தால்தான் திரை அணையாது.

அதிலிருந்து மதிய இடைவேளையிலும், மாலை மணி அடித்த பிறகும் அன்னபூர்ணி பூங்குழலியின் பக்கத்து நாற்காலியை விட்டு நகர முடியவில்லை. காய்ச்சலோடு வந்தாள். தம்பி வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்குப் போகவில்லை.

ஜனவரியில் பூங்குழலி விடைத்தாளோடு ஓடி வந்தாள். அறிவியலில் முதன்முறையாகப் பாஸ்.

"மேடம், இனி சோசியலும் கேக்கட்டுங்களா?"

"கேளு" என்று அன்னபூர்ணி நாற்காலியை இழுத்துப் போட்டு, கட்டைவிரலை வைத்தாள்.