அக்காவின் டீ கம்பெனி

ஷேர் வாங்க ஆரம்பித்தது 1993-ல். அன்றிலிருந்து என்னிடம் ஒரு பட்டியல் உண்டு. தோல் கம்பெனி கூடாது. கோழித் தீவனம் கூடாது. சாராயம் கூடவே கூடாது. பட்டு ஆலை கூடாது, புழுவை வேகவைத்துத்தான் நூல் எடுக்கிறார்கள். பூச்சிமருந்து கூடாது. கேப்சூல் மாத்திரைக்கு மேல்கூடு செய்கிற ஒரு கம்பெனியை ஆசையாக வாங்கி வைத்திருந்தேன். அந்தக் கூட்டை மாட்டெலும்பிலிருந்து எடுக்கிறார்கள் என்று தெரிந்ததும் மறுநாளே நஷ்டத்தில் விற்றேன். அதைப் பத்துப் பேரிடம் சொல்லிப் பெருமையும் பட்டுக்கொண்டேன்.

நாங்கள் நைனார்கள். செஞ்சிப் பக்கத்துத் தமிழ்ச் சமணர்கள். தண்ணீரைத் துணியில் வடிகட்டிக் குடிப்பவர்கள், பொழுது சாய்ந்தால் சாப்பிடாதவர்கள். எறும்புக்குக்கூட நோகாமல் பணம் சம்பாதிக்க முடியும் என்று காட்டத்தான் அந்தப் பட்டியல். அதில் சிகரெட் கம்பெனி இல்லை. புகையிலை ஓர் இலை, இலைக்கு ரத்தம் கிடையாது. இந்த ஒற்றை வரியை வைத்துக்கொண்டு எட்டு வருஷம் ஓட்டினேன். இப்போது எழுதும்போது எனக்கே என் மூஞ்சியில் அறையவேண்டும் போலிருக்கிறது.

நான் பணம் போட்ட சிகரெட் கம்பெனியை எனக்குக் காட்டிக்கொடுத்தவர் என் மாமா ஜீவராஜ், அக்கா ஜினமதியின் கணவர். திண்டிவனத்தில் மல்லாட்டை மண்டி, அதாவது நிலக்கடலை மண்டி வைத்திருந்தார். வீட்டில் வெங்காயம்கூட நுழையாது, மண்டியின் பின்பக்கம் போய் ஒரு நாளைக்கு இரண்டு பாக்கெட் ஊதுவார். 2011-ல் நுரையீரலில் புற்றுநோய் என்று புதுச்சேரியில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம்.

ஒரு மத்தியானம் அக்கா குளிக்கப் போயிருந்தாள். மாமா மூக்கிலிருந்த குழாயைக் கழற்றிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மச்சான், ஒண்ணே ஒண்ணு வாங்கினு வாயேன். பத்த வெக்கக்கூட வேணாம், கையில வெச்சிக்கினு இருக்கேன்."

"வேணாம் மாமா. அக்கா என்னக் கொன்னுடும்."

"அவளுக்கு நான் சொல்லமாட்டேன். சத்தியமா."

எனக்குப் பாவமாக இருந்தது. இதையும் சொல்லிவிடுகிறேன், கொஞ்சம் எரிச்சலாகவும் இருந்தது. எதிர்க்கடைக்குப் போனேன். அவர் பிடிக்கும் சிகரெட்டின் பேரைச் சொன்னதும் கடைக்காரர் விலை கூடியிருப்பதாகச் சொன்னார்.

"வெலை ஏறினா வாங்குறது கொறையாதா?" என்று கேட்டேன். ஷேர் பார்க்கிறவனுக்கு வாய் சும்மா இருக்காது.

"எங்க கொறையுது? கவர்மெண்ட திட்டிக்கினே வாங்கினு போறாங்க சார். எதிர்ல பாருங்க, நெஞ்சு ஆஸ்பத்திரி. இந்தத் தெருவுல என் கடைதான் நல்லா ஓடுது."

நான் சாலையைக் கடந்து திரும்பி வந்தேன். கையில் ஒரே ஒரு சிகரெட். அந்த இருபது அடி தூரத்தில்தான் அந்த எண்ணம் வந்தது. சாகக் கிடக்கிற மனுஷனால்கூட விடமுடியாத சரக்கு. இதைவிட உறுதியான கம்பெனி இந்த உலகத்தில் ஏது? அப்போது மாமாவைப் பற்றி நான் நினைக்கவே இல்லை. இதை எந்தச் சமாதானமும் சொல்லாமல் எழுதவேண்டும் என்றுதான் பேனாவை எடுத்தேன்.

கையில் வைத்திருப்பதாகச் சொன்ன மாமா கழிவறைக்குள் போய்ப் பற்றவைத்துவிட்டார். அக்கா வந்ததும் மோப்பம் பிடித்துவிட்டாள். "யாரு குடுத்தா? சொல்லுங்க, யாரு குடுத்தா?" என்று கட்டிலைப் பிடித்து உலுக்கினாள். மாமா வாயைத் திறக்கவில்லை. நான் ஜன்னல் பக்கம் திரும்பி, கீழே போன பஸ்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்று சாயங்காலமே வேலை இருக்கிறது என்று திண்டிவனத்துக்கு பஸ் ஏறிவிட்டேன். நான்காம் நாள் காலையில் போன் வந்தது.

காரியமெல்லாம் முடிந்து, மண்டியை விற்ற பணத்தை அக்கா என்னிடம் கொடுத்தாள். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. "எனக்கு இதெல்லாம் தெரியாது தம்பி. பாவம் ஒட்டாத எடமாப் பாத்துப் போடு. வர்றத வெச்சி சாப்பிட்டுக்கினு, ஒரு தடவயாச்சும் முனிவருக்கு ஆகாரம் குடுத்துட்டா போதும்" என்றாள். நான் பணம் முழுவதையும் அந்த சிகரெட் கம்பெனியில் போட்டேன். எதில் போட்டாய் என்று கேட்டபோது, டீ கம்பெனி என்றேன். வாய் கூசாமல்.

அதன்பிறகு அக்கா பட்ட பாட்டைக் கேளுங்கள். டி.வி.யில் நீலகிரியில் மழை என்று வந்தால் எனக்கு போன் பண்ணுவாள். "மழ ஜாஸ்தியாமே, செடி ஒண்ணும் அழுகிப் போயிடாதே?" என்பாள். பக்கத்து வீட்டு லட்சுமியம்மாள் காப்பிக்கு மாறியபோது அவளிடம் இரண்டு நாள் முறைத்துக்கொண்டிருந்தாள். வருஷா வருஷம் டிவிடெண்ட் பணம் வந்ததும் எனக்கு ஒரு டம்ளர் டீ போட்டுக் கொடுத்து, "நம்ம கம்பெனி டீயா இருக்கும், குடி" என்பாள். நானும் குடிப்பேன்.

2019-ல் எனக்கு ஒரு பயம் வந்தது. பேனா மாதிரி ஒரு மின்சார சிகரெட், அதை இழுத்தால் ஆவி வரும், 'வேப்' என்கிறார்கள், காலேஜ் பிள்ளைகள் எல்லாரும் அதற்கு மாறுகிறார்கள் என்று பேப்பரில் வந்தது. அமெரிக்காவில் அதை இழுத்த இளவட்டங்கள் நுரையீரல் கெட்டு ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள், சிலர் செத்தும்போனார்கள். அதைப் படித்துவிட்டு நான் என்ன நினைத்தேன் தெரியுமா? பிள்ளைகள் பயந்துபோய் பழைய சிகரெட்டுக்கே திரும்பிவிட்டால் நல்லது என்று நினைத்தேன். காலை பூஜையில் நேமிநாதர் முன்னால் கண்ணை மூடிக்கொண்டு நினைத்தேன்.

செப்டம்பரில் ஒரு புதன்கிழமை, விழுப்புரத்தில் இருதயராஜின் ஆபீசில் உட்கார்ந்திருந்தேன். அவர்தான் என் ஷேர் புரோக்கர். மத்தியானம் மூன்று மணி சுமாருக்கு டி.வி.யில் செய்தி ஓடியது. மின்சார சிகரெட்டுக்கு நாடு முழுக்கத் தடை. விற்கவும் கூடாது, கொண்டுவரவும் கூடாது. சாதா சிகரெட்டைப் பற்றிப் பேச்சே இல்லை. என் கம்பெனியின் விலை கண் முன்னாலேயே ஏறியது. நான் நாற்காலியிலிருந்து எழுந்து கைதட்டினேன். ஐம்பத்தெட்டு வயசில், முட்டிவலியோடு.

இருதயராஜ் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"நைனார் சார், உருளைக்கெழங்கு தோண்டினா புழு சாவும்னு துன்னமாட்டீங்க. இத மட்டும் கட்டிப் புடிச்சிக்கினு கீறீங்களே?"

"இது எலைப்பா, இருதயம்."

"எலைதான் சார். பத்த வெச்சாதான பேஜாரு." சிரித்தார். "எங்களுக்காச்சும் மாதா கோயில்ல பாவசங்கீர்த்தனக் கூண்டு கீது. போய் முட்டி போட்டு சொல்லிட்டு வந்துடுவோம். நீங்க எங்க போய்ச் சொல்லுவீங்க?"

எங்களுக்கும் இருக்கிறது. போன வாரம்தான் பத்து நாள் தசலட்சண நோன்பு முடிந்து, தெரிந்தோ தெரியாமலோ செய்த பிழையைப் பொறுக்கும்படி ஊரில் ஒவ்வொருவரிடமும் கைகூப்பி மன்னிப்புக் கேட்டிருந்தேன். அக்காவிடமும் கேட்டேன். தெரிந்து செய்தது எது என்று யாரும் கேட்பதில்லை, அது எனக்கு வசதியாக இருந்தது. எழுந்து கடைத்தெருவுக்குப் போய்க் கால் கிலோ மைசூர்பாகு வாங்கிக்கொண்டு திண்டிவனம் பஸ் ஏறினேன்.

அக்கா வீட்டுக்குப் போனபோது இன்னும் இருட்டவில்லை. அவளும் டி.வி.யில் அதே செய்தியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நல்ல காரியம் பண்ணாங்க தம்பி. உங்க மாமாவத் துன்ன சனியன். அது எந்த ரூபத்துல வந்தா இன்னா?" என்றாள். பிறகு என் கையிலிருந்த பெட்டியைப் பார்த்து முகம் மலர்ந்தாள். "அதுக்குள்ள உனக்குத் தெரிஞ்சிடுச்சா? நாளைக்கு ஆகாரம் நம்ம வீட்லயும் வெக்கச் சொல்லிட்டாங்க!"

மழைக்காலம் நாலு மாசமும் ஒரே ஊரில் தங்கும் திகம்பர முனிவர் ஒருவர் அந்த வருஷம் எங்கள் தெருக் கோயிலில் இருந்தார். ஒரு நாளைக்கு ஒரே வேளை, நின்றபடி, கையில் வாங்கி உண்பவர். யார் வீட்டு வாசலில் நிற்பார் என்பது அவர் மனசுக்கு மட்டும் தெரியும். உணவு வைத்திருக்கும் வீட்டார் வாசலில் நின்று அழைக்கவேண்டும். அவர் நின்றுவிட்டால், எங்கள் மனம் சுத்தம், சொல் சுத்தம், உடல் சுத்தம், உணவும் நீரும் சுத்தம் என்று வாய்விட்டுச் சொல்லவேண்டும். சொன்னால்தான் உள்ளே வருவார். உணவில் ஒரு முடியோ எறும்போ தெரிந்தால் கையை எடுத்துவிடுவார். அப்புறம் மறுநாள் வரை பச்சைத் தண்ணீர் கிடையாது.

"புது பாத்திரம், நெய்யி, பழம் எல்லாம் நம்ம டீ கம்பெனி பணத்துலதான் வாங்கினேன். நீ எங்கூட நிக்கணும் தம்பி, எனக்கு வேற யாரு கீறாங்க?" என்றாள்.

அன்று ராத்திரியே சொல்லியிருக்கலாம். எட்டு வருஷமாகக் காத்திருந்தவளின் முகத்தைப் பார்த்துச் சொல்லத் தைரியம் வரவில்லை. அவளுக்காகத்தான் மறைக்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு நன்றாகத் தூங்கவும் செய்தேன்.

காலையில் நனைத்து உலர்த்திய வேட்டியோடு அக்கா பக்கத்தில் நின்றேன். அவள் கையில் கலசம் இருந்தது. ஆகாரத்துக்கு வருவதன் அடையாளமாக முனிவர் வலது கையைத் தன் தோளில் வைத்தபடி தெருவில் வந்தார். இரண்டு வீடுகளைத் தாண்டி எங்கள் வாசலில் நின்றுவிட்டார். அக்காவுக்கு அழுகை பொங்கிவிட்டது. வார்த்தை வரவில்லை. என்னைப் பார்த்தாள். நான் சொல்லாவிட்டால் அவர் போய்விடுவார்.

சொன்னேன். மனம் சுத்தம். சொல் சுத்தம். உடல் சுத்தம். ஆகாரமும் நீரும் சுத்தம். பள்ளிக்கூடத்தில் மனப்பாடச் செய்யுள் ஒப்பிக்கிற மாதிரி கணீரென்று சொன்னேன்.

அவர் உள்ளே வந்தார். நானும் ஒரு கவளம் வைத்தேன். கட்டைவிரலால் சோற்றைப் பிரித்துப் பிரித்து, ஏதாவது சிற்றுயிர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாயில் போட்டுக்கொண்டார். பொடி எறும்புக்கு அவ்வளவு பார்க்கிறவரின் கையில் நான் வைத்த சோறு என்ன சோறு என்று எனக்கு மட்டும்தான் தெரியும். அப்போது வாயைத் திறந்தால் அவர் பட்டினி. திறக்காவிட்டால் நான் பொய்யன். பொய்யனாகவே நின்றேன்.

அவர் ஆசி சொல்லிப் போனபிறகு அக்கா தரையில் உட்கார்ந்து ஒரு பாட்டம் அழுதாள். அப்புறம் எழுந்துபோய் டீ போட்டுக்கொண்டு வந்து என் முன்னால் வைத்தாள்.

"உங்க மாமா மூச்சு முட்டி முட்டி சம்பாதிச்ச பணம். ஒரு முனிவர் கையில போய்ச் சேந்துச்சி. அது போதும் எனக்கு." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஆமா, அவ்ளோ நல்ல கம்பெனிய நீ எப்படித் தம்பி கண்டுபுடிச்ச? இருதயராஜ் சொன்னாரா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அதுகூட என்னால் முடியவில்லை. காலையில் அவ்வளவு பெரிய பொய்யைச் சொன்ன வாய் இந்தச் சின்னப் பொய்க்கு வரமாட்டேன் என்றது.

"டீ கம்பெனி இல்லக்கா. சிகரெட் கம்பெனி. மாமா புடிப்பாரே, அதேதான்."

அவள் புரியாமல் பார்த்தாள். நான் நிறுத்தவில்லை. நிறுத்தினால் மறுபடி தொடங்கமாட்டேன் என்று தெரியும். ஆஸ்பத்திரியில் மாமா கேட்டதைச் சொன்னேன், எதிர்க்கடைக்காரர் சொன்னதைச் சொன்னேன். "சாவப்போற மனுஷனாலயே வுட முடியல, அப்ப இந்தக் கம்பெனி வுழாதுன்னு நெனச்சேங்கா. அப்படித்தான் கண்டுபுடிச்சேன்" என்றேன்.

திட்டுவாள் என்று காத்திருந்தேன். பணத்தைப் பற்றிக் கேட்பாள், முனிவருக்குச் செய்த துரோகத்தைக் கேட்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் அதையெல்லாம் கேட்கவில்லை.

"அன்னிக்கு அந்த சிகரெட்ட வாங்கினு வந்தது நீயா?"

தலையை ஆட்டினேன்.

"யாரு குடுத்தான்னு கேட்டுக் கேட்டுப் பாத்தேன். சொல்லவே இல்ல. சொல்ற வரைக்கும் உங்ககிட்ட பேசமாட்டேன்னு அவருகிட்ட சொல்லிட்டேன்." அவள் குரல் உயரவே இல்லை. "மூணு நாள் பேசல தம்பி. தண்ணி குடுத்தேன், உடம்பு தொடச்சி வுட்டேன், பேசல. ராத்திரி ஜினமதி, ஜினமதின்னு ரெண்டு தடவ கூப்டாரு. நான் திரும்பல. காலையில பாத்தா உசுரு போயிருந்துச்சி."

நான் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தேன். சொல்லமாட்டேன், சத்தியமாக, என்று மாமா என்னிடம் சொல்லியிருந்தார். அவர் சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டார்.

அக்கா என் முன்னாலிருந்த டீயை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"ஆறிப்போச்சி" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். வேறு டீ போட்டுக்கொண்டு வருவாள் என்று நினைத்து, பொழுது சாயும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.