படுத்திருந்த கோதுமை

கோதுமை படுத்துக்கொண்டுதான் வளரும் என்று அப்பலோனியா நினைத்தாள்.

படகு பிரெந்தா ஆற்றில் மேல்நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. கரையில் குதிரை படகின் வடத்தை இழுத்தபடி நடந்தது. இரு பக்கமும் வயல். மஞ்சளாக, ஒரே பக்கம் சாய்ந்து, மண்ணோடு அப்பிக் கிடந்தது.

"எண்ணெய் வெச்சு வாரிவிட்ட மாதிரி இருக்கு, பாரு" என்றாள்.

பக்கத்தில் இருந்த பொர்த்தோலா எட்டிப் பார்த்தாள். "நம்ம மெனேகா அம்மா தலை மாதிரின்னு சொல்லு."

இருவரும் சிரித்தார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. வெனிஸில் தண்ணீர் உண்டு, கல் உண்டு, வயல் கிடையாது. அநாதை இல்லத்துப் பெண்கள் ஊரைக்கூட ஒழுங்காகப் பார்த்ததில்லை. கைக்குழந்தையாக யாரோ சுவர்த் துவாரத்தில் வைத்துவிட்டுப் போக, உள்ளே வந்தவர்கள். உள்ளேயே வளர்ந்து, உள்ளேயே வாசித்து, வருடத்தில் ஒருநாள் இப்படி ஏதாவது ஒரு பிரபுவின் தோட்டத்துக்குப் படகில் போவார்கள். மழை வந்தால் அதுவும் இல்லை.

இந்த வருடம் அன்று மழை வரவில்லை. இதுவரை தீவுத் தோட்டங்களுக்குத்தான் போயிருந்தார்கள்; வயல்பக்கம் வருவது இதுதான் முதல்முறை. அப்பலோனியா மடியில் வயலின் பெட்டியை வைத்து அதன்மேல் இரண்டு கைகளையும் வைத்திருந்தாள். எதிரே புருதென்சா, அதே மாதிரி.

இல்லத்தில் யாருக்கும் தகப்பன் பெயர் கிடையாது. வாசிக்கும் வாத்தியம்தான் பெயரோடு சேரும். வியோலா பொர்த்தோலா. ஓபோ சமரித்தானா. ஆனால் வயலின் வாசிப்பவர்கள் ஒரு வரிசைக்கு இருந்தார்கள். அதனால் முதல் நாற்காலிக்காரிக்கு மட்டும்தான் அந்தப் பெயர். மற்றவர்கள் வெறும் பெயரோடு இருக்க வேண்டியதுதான். வயலின் லுக்ரேசியாவாக இருந்தவள் ஒரு பட்டு வியாபாரியைக் கட்டிக்கொண்டு, இனிமேல் சபையில் வாசிக்கமாட்டேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள். நாற்காலி காலி. பெயரும் காலி.

"இன்னைக்கு ரெண்டு பேரையும் கேக்குறேன். திரும்புறப்ப சொல்றேன்" என்று அப்பலோனியாவிடமும் புருதென்சாவிடமும் சொல்லியிருந்தாள் மெனேகா அம்மா. அவளும் அதே சுவர்த் துவாரம் வழியாக வந்தவள்தான். இப்போது அவர்களுக்கெல்லாம் தலைமை.

"வயலின் அப்பலோனியா" என்று அப்பலோனியா மனதுக்குள் சொல்லிப் பார்த்தாள். பலமுறை சொல்லிப் பார்த்த பெயர்.

தோட்டத்தில் அவர்களுக்கு மறைப்பு கட்டியிருந்தார்கள். இல்லத்துக் கோயிலில் வாசிக்கும்போது இரும்புக் கிராதி. இங்கே மரச்சட்டம், மெல்லிய துணி, அதன்மேல் செருகிய இலைக்கொத்துகள். வாசிப்பவர் முகம் சபைக்குத் தெரியக்கூடாது. சபை முகமும் வாசிப்பவருக்குத் தெரியாது. முன்னால் விருந்தாளிகளுக்கு நாற்காலி போட்டிருந்தது. அவர்களுக்குப் பின்னால், செடிவேலிக்கு அந்தப் பக்கம், கூட்டமாகக் காலடிச் சத்தம்.

"குத்தகைக்காரங்களையும் வரச் சொல்லியிருக்காரு பிரபு" என்றார் காரியஸ்தர். "மனசு கொஞ்சம் ஆறட்டும்னு."

எதற்கு ஆற வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. சுருதி சேர்த்துக்கொண்டிருந்தார்கள்.

முதலில் புருதென்சா வாசித்தாள். அவளுடைய உருப்படி வானம்பாடி. பறவை மேலே ஏறி ஏறி, கண்ணுக்குத் தெரியாமல் போன பிறகும் குரல் மட்டும் நிற்கும். சுத்தமாக வாசித்தாள். முடிந்ததும் முன்வரிசையில் இரண்டு மூன்று பேர் இருமினார்கள். யாரோ நாற்காலியை இழுத்தார்கள்.

அது பாராட்டு. கோயிலில் கைதட்டக் கூடாது. அதனால் பிடித்திருந்தால் இருமுவார்கள், மூக்கைச் சிந்துவார்கள், காலைத் தரையில் தேய்ப்பார்கள். முகமே தெரியாத சபையிடமிருந்து பெண்களுக்குக் கிடைத்த கூலி அதுதான். தோட்டத்துக்கு வந்தாலும் வெனிஸ்காரர்கள் அந்தப் பழக்கத்தை விடுவதில்லை.

"போன ஞாயித்துக்கிழமை எனக்கு ஒரு சளி கூட விழல" என்று பொர்த்தோலா முணுமுணுத்தாள். "உனக்காவது இன்னைக்கு காசநோயே வரட்டும்."

அப்பலோனியாவுடையது ஆலங்கட்டி. இல்லத்து இசை ஆசான் எழுதிய, மூன்று பகுதி கொண்ட வயலின் கன்செர்ட்டோ. முதல் பகுதி வெயில். இரண்டாவது மேகமும், பயந்து முனகும் நாயும். நாய் பொர்த்தோலாவின் வியோலா. மூன்றாவது கல்மழை. தாளில் ஆசான் சிவப்பு மையால் ஓரத்தில் குறித்திருந்தார்: இங்கே முதல் கல் விழுகிறது. இங்கே உழவன் ஜெபிக்கிறான். இங்கே கதிர்கள் தலை சாய்கின்றன.

காலையில் படகிலிருந்து பார்த்ததைத் தவிர கதிரை அவள் கண்டதில்லை. ஆலங்கட்டியைக் கண்டிருக்கிறாள். இல்லத்து முற்றத்தில் அது விழுந்தால் சின்னப் பெண்கள் பாவாடையில் பொறுக்குவார்கள். வாயில் போட்டுக் கடிப்பார்கள். வேறெதையும் அவ்வளவு குளிர்ச்சியாக அவர்கள் தின்றதில்லை. அவள் வாசித்தது அந்தக் குதூகலத்தை. வில் தந்திமேல் குதித்தது. கல் உருண்டு, தெறித்து, சிரித்துக்கொண்டே வந்தது.

முடித்தாள்.

முன்வரிசையில் நல்ல இருமல். ஆனால் பின்னாலிருந்து வந்ததுதான் அவளைத் திகைக்க வைத்தது. வேலிக்கு அப்பால் மூக்கைச் சிந்தும் சத்தம், ஒருவர் மாற்றி ஒருவர். தொண்டையைச் செருமினார்கள். கால்கள் மண்ணில் தேய்ந்தன. சில கால்கள் எழுந்து நடந்தன. திரும்பவும் மூக்கு. அது நிற்கவே இல்லை.

அவள் இதுவரை கேட்டிராத அளவு. புருதென்சாவைப் பார்த்து மெல்லச் சிரித்தாள். புருதென்சா வில்லுக்குப் பிசின் தேய்ப்பதில் மும்முரமாக இருந்தாள்.

இடைவேளையில் பால் வந்தது. கொண்டுவந்தவள் இளம்பெண், காத்தீனா என்று பெயர், குத்தகைக்காரர் ஒருவரின் மனைவி. கோப்பைகளைத் தட்டோடு பிடித்திருந்த கைகளில் துணி சுற்றியிருந்தது. துணியின் ஓரத்தில் தோல் சிவந்து உரிந்திருந்தது.

அப்பலோனியா சந்தோஷத்தில் இருந்தாள். யாரிடமாவது பேச வேண்டும் போலிருந்தது.

"நீங்க என்ன வாசிப்பீங்கக்கா?"

"நானா? வாசிக்கிறதா?"

"கை அப்படி இருக்கே. என் விரலும் முதல்ல அப்படித்தான் இருந்துச்சு. தந்தி அறுத்து."

காத்தீனா தன் கையைப் பார்த்தாள். லேசாகச் சிரிப்பு வந்தது அவளுக்கு. "இது தந்தி இல்ல தாயி, கயிறு. கோயில் மணிக் கயிறு."

"நீங்கதான் அடிப்பீங்களா?"

"அடிக்கிறவருக்கு முடியாமப் போச்சு. முந்தாநாள் மேகம் கறுத்துட்டு வந்துச்சு இல்ல? மணி அடிச்சா மேகம் கலையும்பாங்க. நானும் என் நாத்தனாரும் மாத்தி மாத்தி இழுத்தோம்."

"கலைஞ்சுதா?"

"எங்க. கல்லு விழ ஆரம்பிச்சப்புறமும் இழுத்துட்டே இருந்தோம். நிறுத்தினா இன்னும் மோசமாயிடுமோன்னு பயம். கூரை மேல விழுற சத்தத்துல மணிச் சத்தமே காதுல விழல. கை பாட்டுக்கு இழுத்துச்சு."

அப்பலோனியா கோப்பையைக் கீழே வைத்தாள். "வரும்போது பாத்தோம். கோதுமை படுத்திருந்துச்சு."

"முந்தாநாள் மத்தியானம் வரைக்கும் நின்னுச்சு." காத்தீனா மார்பளவுக்குக் கையை உயர்த்திக் காட்டினாள். "இந்தா, இவ்வளவு. அடுத்த வாரம் அறுப்பு வெச்சிருந்தோம்."

பொர்த்தோலா ஆற்றுப் பக்கமாகத் திரும்பிக்கொண்டாள்.

"கல்மழைய வாசிச்சது நீதானாமே. நல்லாத்தான் வாசிச்சே" என்றாள் காத்தீனா. அதில் குத்தல் எதுவும் இல்லை. "அப்படியே இருந்துச்சு. எங்க வீட்டுக்காரருக்குத்தான் உக்கார முடியல, எழுந்து போயிட்டாரு. பின்னால பாதிப் பேரு அழுதுட்டு நிக்கிறாங்க. பாலக் குடி, ஆறிடும்."

அவள் அடுத்த பெண்ணிடம் போனாள்.

மறைப்புத் துணியில் ஓரிடத்தில் இலைக்கொத்து விலகியிருந்தது. அப்பலோனியா அதன் வழியே பார்த்தாள். வேலிக்கு அப்பால் நின்ற ஒருவர் தொப்பியை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். ஒரு கிழவி தலைத்துணியின் ஓரத்தால் மூக்கைத் துடைத்தாள். அந்தச் சத்தம்தான். அப்பலோனியாவுக்கு முகம் சுட்டது. சற்று முன்பு அந்தச் சத்தத்துக்கு அவள் சிரித்திருந்தாள்.

காரியஸ்தர் துணியை விலக்கித் தலையை நீட்டினார். "ஆலங்கட்டியை இன்னொரு தடவை கேக்குறாங்க. வியன்னாவிலேருந்து வந்த விருந்தாளிக்கு ரொம்பப் பிடிச்சுப் போச்சாம். பிரபு சொல்லச் சொன்னாரு."

மெனேகா அம்மா அப்பலோனியாவிடம் வந்தாள். பால்காரி பேசியது அவள் காதிலும் விழுந்திருந்தது.

"கை வலிக்குதாடி?" என்று கேட்டாள்.

அப்பலோனியா தன் விரல்களைப் பார்த்தாள்.

"வலிச்சா வலிக்குதுன்னு சொல்லு. பிரபுகிட்ட நான் சொல்லிக்கிறேன். புருதென்சா வானம்பாடிய இன்னொருவாட்டி வாசிப்பா."

அது கதவு. மெனேகா அம்மா அதைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள். வலிக்கிறது என்று ஒரு வார்த்தை போதும். புருதென்சா வயலினை எடுத்துத் தோளுக்குப் பக்கத்தில் கொண்டுபோயிருந்தாள். வானம்பாடி மேலே ஏறும், முன்வரிசை இருமும், நாற்காலி புருதென்சாவுக்குப் போகும்.

"வலிக்கல" என்றாள் அப்பலோனியா.

"யோசிச்சுச் சொல்லு."

"வலிக்கலம்மா."

இந்தத் தடவை அவளுக்குக் குதூகலம் வரவில்லை. வேறொன்று வந்தது. வெயிலை நீட்டி வாசித்தாள், ஒரு வாரம் பொறுத்தால் அறுத்துவிடலாம் என்பது போல. நாய் முனகியது. முதல் கல்லைத் தனியாக விழவிட்டுக் காத்திருந்தாள். பிறகு மழை இறங்கியது. அதன் நடுவே, ஆசான் எழுதாத ஒன்றை அவள் கை செய்தது. அடித்தந்தியை விரல் வைக்காமல் இழுத்தது. ஒரே சுரம், ஒரே இடைவெளி, திரும்பத் திரும்ப. மேலே கல் பொழிந்தது. கீழே அந்தச் சுரம் மணியாக அடித்துக்கொண்டே இருந்தது. மேலே சத்தம் கூடக் கூட மணி அமுங்கிப்போனது. அமுங்கிய பிறகும் அவள் நிறுத்தவில்லை. கேட்காத மணியை இழுத்துக்கொண்டே இருந்தாள்.

அவள் வாழ்நாளில் அப்படி வாசித்ததில்லை. வாசிக்கும்போதே அது அவளுக்குத் தெரிந்தது. தெரிந்ததும் மகிழ்ச்சியாக இருந்தது. அந்த மகிழ்ச்சியைத்தான் பிற்பாடு அவளால் மன்னிக்க முடியவில்லை.

முன்வரிசை இருமித் தீர்த்தது. வியன்னாக்காரர் நாற்காலியையே தரையில் தட்டினார். வேலிக்கு அப்பால் ஒரு சத்தமும் இல்லை. மூக்கு இல்லை, கால் இல்லை. இலைக்கொத்து விலகிய இடத்தை அப்பலோனியா பார்க்காமல் இருந்தாள்.

காத்தீனா கோப்பைகளை எடுக்க வந்தாள். ஒவ்வொன்றாகத் தட்டில் அடுக்கினாள். அப்பலோனியாவின் கோப்பையில் பால் அப்படியே இருந்தது, ஆடை கட்டி. அதை எடுத்தபோது நின்றாள்.

"மணியையும் சேத்துட்டே."

அப்பலோனியா குனிந்து வயலினைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"சும்மா பேச்சுக்குத்தான் சொன்னேன்" என்றாள் காத்தீனா. கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை. ஏதோ பொருளை எங்கேயோ வைத்துவிட்டுத் தேடுகிறவள் குரல் அது. "உன் பேரு என்ன? எங்க வீட்டுக்காரரு கேப்பாரு, யாரு வாசிச்சதுன்னு."

அப்பலோனியா வாயைத் திறந்தாள். அந்தப் பெயர் அங்கே தயாராக இருந்தது, எத்தனையோ நாள் சொல்லிப் பார்த்து மழமழப்பானது.

"புருதென்சா" என்றாள்.

"புருதென்சா" என்று காத்தீனா ஒருமுறை சொல்லிக்கொண்டாள். தட்டைத் தூக்கிக்கொண்டு போனாள்.

பின்னால் பெட்டி மூடும் சத்தம் கேட்டது. அப்பலோனியா திரும்பினாள். புருதென்சா அங்கேயேதான் இருந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருந்தாள்.

திரும்பும்போது படகு நீரோட்டத்தோடு போனது. குதிரைக்கு வேலையில்லை. வெயில் சாய்ந்து வயல்மேல் மஞ்சளாக விழுந்தது. காலையில் சிரித்த இடம் வந்தபோது அப்பலோனியா படகின் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். புருதென்சா இந்தமுறை எதிரே உட்காரவில்லை, பக்கத்தில் உட்கார்ந்தாள்.

மெனேகா அம்மா எழுந்து, படகுக் கூரையின் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள்.

"பிரபுவே சொல்லிட்டாரு, நான் மாத்த முடியாது" என்றாள். "ஞாயித்துக்கிழமையிலேருந்து வயலின் அப்பலோனியா. அந்த மணியும் இருக்கணுமாம். ஆசான்கிட்ட நான் பேசிக்கிறேன்." அப்பலோனியாவின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு உட்கார்ந்துவிட்டாள்.

யாரோ ஒருத்தி இருமினாள். இன்னொருத்தி மூக்கைச் சிந்தினாள். அவ்வளவுதான், படகு முழுவதும் தொற்றிக்கொண்டது. சமரித்தானா கிழவன் மாதிரி தொண்டையைக் காறினாள். பலகைமேல் செருப்புகள் தேய்ந்தன. சிரிப்பும் இருமலுமாகப் படகு ஆடியது. படகோட்டிகூட வேண்டுமென்றே ஒரு தும்மல் போட்டான்.

பொர்த்தோலா இருமவில்லை. புருதென்சாவும் இருமவில்லை.

"எந்திரிச்சு வணக்கம் சொல்லுடி" என்றாள் புருதென்சா, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில். "உன்னைத்தான் கூப்புடுறாங்க. என்னை இல்ல."

அப்பலோனியா எழுந்தாள். எழுந்ததும் கரை தெரிந்தது. வயலில் மூன்று நான்கு பேர் குனிந்து, படுத்துக்கிடந்த கதிர்களைக் கையால் புரட்டி, ஏதாவது தேறுமா என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். படகிலிருந்து வந்த சத்தத்துக்கு ஒருவன் நிமிர்ந்தான். தண்ணீர்மேல் இருமல் நன்றாகவே கேட்டிருக்கும். என்னவென்று புரியாமல் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு மரியாதைக்காகத் தொப்பியைக் கழற்றினான்.