பன்னிரண்டிலிருந்து ஏழு வரை

யோலாண்டா வெர்டூகோ இறந்த பத்தாம் நாள், திங்கட்கிழமை காலை பதினொன்றே காலுக்கு, ஆறாம் படப்பிடிப்புத் தளத்தில் போட்டிருந்த மருத்துவமனை வராந்தாவில் மாட்டியிருந்த கடிகாரம் ஓடத் தொடங்கியது. அதற்குள் இயந்திரம் கிடையாது, பேட்டரியும் கிடையாது. ஒன்பது வருடங்களுக்கு முன் தொலைக்காட்சித் தொடர் ஆரம்பித்தபோதே இரண்டையும் ஷூஷான் மெலிக்யான் தன் கையால் கழற்றிப் போட்டிருந்தாள். படப்பிடிப்பில் ஓடுகிற கடிகாரத்தால் யாருக்கும் பிரயோஜனமில்லை. ஒரே காட்சியை நான்கு மணி நேரம் எடுப்பார்கள், சுவரிலோ நான்கு நிமிடம்தான் கடந்திருக்க வேண்டும். அன்றைய காட்சிக்காக அவள் முள்ளை மூன்று ஐம்பதில் வைத்திருந்தாள். அது தானாகப் பன்னிரண்டுக்குப் போனது, அங்கிருந்து ஒழுங்காக நகர்ந்தது, மாலை ஆறேகாலுக்கு ஏழைத் தொட்டு நின்றது. அன்று மதியச் சாப்பாடு எலுமிச்சைக் கோழி. இறைச்சி தின்னாதவர்களுக்கு வைத்த பீன்ஸ் பாதியிலேயே தீர்ந்துவிட்டது. அன்று தளத்தில் இருந்தவர்கள் இந்த இரண்டு செய்திகளையும் ஒரே மூச்சில்தான் சொல்கிறார்கள்.

லாஸ் ஏஞ்சல்ஸுக்கு வடக்கே அந்தப் பள்ளத்தாக்கில் படமெடுக்கிற எல்லாத் தளங்களிலும் ஒரு சட்டம் உண்டு. சுவரில் தொங்குவது அலங்காரப் பிரிவுக்குச் சொந்தம். நடிகரின் கை எதைத் தொடுகிறதோ அது ப்ராப்பர்ட்டிக்காரருக்குச் சொந்தம். வேறு யாரும் அதைத் தொடக் கூடாது, இயக்குநர்கூட. கடிகாரம் இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட சாமான். வட்டம் அலங்காரத்துக்காரர்களுடையது, முள் ஷூஷானுடையது. அந்த முள்ளோடு சேர்த்து ஊசிகள், ரத்தப் பைகள், சர்க்கரையில் செய்த மாத்திரைகள், நோயாளிகள் வாய்க்குப் போவதுபோலப் பாவனை செய்யும் கஞ்சி எல்லாவற்றுக்கும் அவள்தான் தலைமை. எல்லோரும் யோலி என்று கூப்பிட்ட யோலாண்டா அவளுக்கு அடுத்த இடம். பதினேழு வருடம் இருவரும் ஒரே தள்ளுவண்டியைத் தள்ளினார்கள். யோலியின் மகள் மரிசோலுக்கு ஷூஷான்தான் ஞானத்தாய். ஆர்மீனியத் திருச்சபைக்காரியா என்று பாதிரியார் முகம் சுளித்தார், யோலி கேட்கவில்லை. அன்றுமுதல் அந்த வீட்டில் ஷூஷானுக்குப் பெயர் கொமாத்ரே. பிள்ளையின் ஞானத்தாயைப் பெற்றவர்கள் அப்படித்தான் முறை சொல்லி அழைப்பார்கள்.

தொடரில் மருந்துக் குப்பியை எடுக்கும் நெருக்கக் காட்சிகளில் வந்ததெல்லாம் யோலியின் கை. தலைமை நடிகைக்கு விரல் நடுங்கும். யோலிக்கு நடுங்காது, ஆனால் பெருவிரலடியில் சூடான பசை கொட்டியதால் வந்த பழைய தழும்பு ஒன்று இருந்தது. ஒவ்வொரு முறையும் ஒப்பனைக்காரப் பெண் வந்து அதைப் பூசி மறைத்துவிட்டுப் போவாள். "இந்த டாக்டருங்கல்லாம் ஊசியப் பேனா மாதிரி புடிக்கிறாங்க கொமாத்ரே," என்பாள் யோலி. "காய்ச்சல்னு இவங்ககிட்ட போனா ஆட்டோகிராப்தான் கெடைக்கும்."

இந்தத் தொழிலில் வெள்ளிச்சனி என்று ஒரு நாள் உண்டு. திங்களன்று விடிகாலையில் தொடங்கும் வேலை நாளுக்கு நாள் சரிந்து, வெள்ளியன்று நடுப்பகலில் தொடங்கி, சனிக்கிழமை எப்போது முடியுமோ அப்போது முடியும். பிள்ளைகளின் பந்தாட்டம், திருமணங்கள், இழவு வீடுகள் எல்லாம் அந்த நாளில்தான் வந்து விழும். அந்த வெள்ளிச்சனியில் நள்ளிரவானதும் தயாரிப்பு மேலாளர் டென்னிஸ் ஹாலெக் பெரிய கூட்டத்துக்குப் பேக்-அப் சொன்னான். குப்பி, ஊசி, நோட்டு என்று சாமான்களை நெருக்கத்தில் காட்டும் ஆறு ஷாட் மிச்சம் இருந்தன. அதற்கு ஆறு பேர் போதும், அவர்களில் யோலி ஒருத்தி. பிறகு அவன் ஷூஷானின் தள்ளுவண்டியருகே வந்து நின்றான். அவனுக்கு நல்ல குரல். கேட்கிறவருக்குத் தான் ஏதோ பெரிய மனது செய்வதுபோலத் தோன்றும்.

"நேரத் தாள்ல எல்லாருக்கும் பன்னெண்டுன்னே போட்டுடு ஷூஷான். யோலிக்கு அடுத்த வாரம் ஒரு நாள் லீவு விட்டுச் சரிக்கட்டிடறேன்."

"எவ்வளவு நேரம் ஆகும்?"

"ஒரு மணி நேரம். மிஞ்சிப்போனா ரெண்டு."

"நீ கெளம்பு கொமாத்ரே," என்றாள் யோலி. "உன் முதுகு இப்பவே கொக்கி மாதிரி இருக்கு. இன்னும் கொஞ்சம் நின்னா யாராவது கோட்டு மாட்டிட்டுப் போயிடுவாங்க."

ஷூஷான் பன்னிரண்டு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். முள்ளை நகர்த்துவதுபோலத்தான் இருந்தது. இருபத்தாறு வருடமாகக் கதைக்கு எந்த மணி வேண்டுமோ அந்த மணியை வைத்துக் கொடுத்த விரல்கள். காகிதத்தில் வைக்கச் சொன்னபோதும் அவை தயங்கவில்லை. ஆறு ஷாட்டும் முடிந்தபோது காலை ஏழு மணி. ஏழு நாற்பதுக்குப் பாம்டேலில் இருந்த தன் வீட்டுக்குப் போகும் நெடுஞ்சாலையில், நல்ல வெயிலில், சாலை திரும்பிய இடத்தில் யோலியின் கார் திரும்பவில்லை. பிரேக் போட்ட தடம் இல்லை என்று காவலர் எழுதினார்.

கம்பெனி ஒரு மலர்வளையமும் ஒரு கடிதமும் அனுப்பியது. ஆவணங்களின்படி திருமதி வெர்டூகோ நள்ளிரவு பன்னிரண்டுக்கு வேலையிலிருந்து விடுவிக்கப்பட்டார். அதற்குப் பின் அவர் எங்கிருந்தார் என்பது நிறுவனத்துக்குத் தெரியாது. கூட இருந்த ஐந்து பேரிடமும் டென்னிஸ் தனித்தனியாகப் பேசியிருந்தான், அதே நல்ல குரலில். அடக்கம் முடிந்த மறுநாள், ஞாயிறன்று, யோலியின் கணவர் எஃப்ராயின் ஷூஷானின் வீட்டு வாசலுக்கு வந்தார். ஓடு பதிக்கிற தொழில் அவருக்கு. விரலிடுக்கில் சிமெண்ட் அப்படியே இருந்தது. நேரத் தாளின் நகல் கையில்.

"கொமாத்ரே, எங்கம்மா கேக்கறாங்க, அவ அக்கா கேக்கறா. நான் கேக்கவே கூடாதுன்னு இருந்தேன். பன்னெண்டு மணிக்குக் கெளம்பினவ காலையில வரைக்கும் எங்க இருந்தா?"

"அந்தத் தாள்ல என்ன இருக்கோ..."

"உன் கையெழுத்து இருக்கு. கம்பெனிக்காரன் சொன்னா நம்ப மாட்டேன். நீ பொய் எழுத மாட்டே."

உண்மை அவள் நாக்கின் நுனியில் இருந்தது. அதோடு, ஓய்வூதியத்துக்கு மிச்சமிருந்த நான்கு வருடமும் அங்கேயே இருந்தது. "விசாரிச்சுச் சொல்றேன் எஃப்ராயின்," என்றாள். அவர் தலையை ஆட்டிவிட்டுப் போனார். போகிற முதுகைப் பார்த்தபோது, தன் மனைவியைச் சந்தேகிக்கத் தொடங்கிவிட்ட மனிதனின் நடை அது என்று அவளுக்குத் தெரிந்தது. அந்த நடையை அவருக்குக் கொடுத்தவள் தான்தான் என்பதும் தெரிந்தது. மறுநாள் கடிகாரம் ஓடியது.

முதல் வாரம் முள்ளைப் பசை வைத்து ஒட்டிப் பார்த்தார்கள். பிறகு வேறு கடிகாரம் மாட்டினார்கள்; அதுவும் பன்னிரண்டுக்குப் போய் ஏழுக்கு நின்றது. சாமான் கிடங்கில் நாற்பத்து மூன்று கடிகாரங்கள் இருந்தன. பிசினில் வார்த்த சட்டைப்பைக் கடிகாரம், குயில் கூவாத குயில் கடிகாரம், அட்டையில் அச்சடித்த அலாரம், எல்லாமே ஓடின. அட்டை அலாரத்தின் முட்கள் அச்சு மை கலையாமல் நகர்ந்தன. கடைசியில் கடிகாரமே வேண்டாம் என்று கழற்றியதும், சுவரில் வெளிறிய வட்டம் ஒன்று தெரிந்தது, அதற்குள் நிழல்போல இரண்டு கோடுகள் நடந்தன. அதன்மேல் சாயம் அடித்தார்கள். சாயம் காய்ந்ததும் கோடுகள் அதன்மேல் ஏறி நடந்தன. தொழிற்சங்கத்திலிருந்து ஒருவர் வந்து அரை மணி நேரம் பார்த்தார். சுவர் அலங்காரப் பிரிவின் அதிகாரத்துக்கு உட்பட்டது என்று குறித்துக்கொண்டு போனார். மூன்றாம் வாரத்தில் விளக்குக்காரர்கள் அதைப் பார்த்து இடைவேளைக்குக் கிளம்பப் பழகிவிட்டார்கள். என்ன ஏழு மணி நேரம் அது என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியம் இல்லாததால்தான் கேட்கவில்லை.

ஷூஷானுக்குக் கோபம் விரல்களில் வந்தது. குப்பிகளை அடுக்கும்போது உடைந்தன. டென்னிஸ்மேல் கோபம், அவன் குரல்மேல் கோபம், வாயை மூடிக்கொண்ட ஐந்து பேர்மேல் கோபம். அன்று சிரித்து வழியனுப்பிய யோலிமேலும் கோபம்: ஏனடி சிரித்தாய், முடியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நானும் சொல்லியிருப்பேனே. இப்படி யோசித்த நாளில் அவளுக்குத் தன்மேலேயே வெறுப்பு வந்தது. செத்தவளைக்கூட வேலை வாங்குகிறேன், என் பழியைத் தூக்கச் சொல்லி.

"இதுக்கு ஒரு வழி பண்ணு," என்றான் டென்னிஸ். "முள்ளு உன் பொறுப்புதானே?"

"உள்ள மெஷினே இல்ல டென்னிஸ். கழட்டிப் பாரு."

"அப்ப எப்படி ஓடுது?"

"ஆளே இல்லாம ஆறு ஷாட் எடுத்த கம்பெனி இது. மெஷின் இல்லாம ஒரு கடிகாரம் ஓடக் கூடாதா?"

தள்ளுவண்டியைச் சுற்றியிருந்தவர்கள் தரையைப் பார்த்தார்கள். டென்னிஸ் சிரித்தான். "நீயும் கையெழுத்துப் போட்டிருக்கே ஷூஷான். மறந்துடாதே," என்றான், அன்பாகவே.

யோலி இறந்து ஆறு வாரம் கழித்து, அந்த வெள்ளிச்சனியில் எடுத்த அத்தியாயம் ஒளிபரப்பானது. சாப்பாட்டு மேசையில் எஃப்ராயினும் மரிசோலும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கை ஒன்று வந்து குப்பியை எடுத்தது. எஃப்ராயின் உடனே தொலைபேசியில் கூப்பிட்டார்.

"அவ கை வந்துச்சு."

"ஒம்பது வருஷமா வருது எஃப்ராயின்."

"தழும்பு தெரிஞ்சுது. ஒரு நாளும் தெரிஞ்சதில்ல. பூசி விடற பொண்ணு அன்னிக்கு வீட்டுக்குப் போயிட்டாளா?"

அந்தப் பெண் பன்னிரண்டு மணிக்குப் போயிருந்தாள், ஷூஷானைப் போலவே. ஷூஷானும் தன் வீட்டில் அதே அத்தியாயத்தைப் பார்த்திருந்தாள்; கைக்குப் பின்னால், வராந்தாவின் கோடியில், கடிகாரம் தெரிந்தது. அந்த நள்ளிரவில் கிளம்பும்போது அவள் அதை மூன்று ஐம்பதில் வைத்துவிட்டு வந்திருந்தாள். திரையில் அது ஐந்து இருபது காட்டியது, அந்த ஷாட் எடுத்த விடிகாலையின் நிஜ நேரத்தை.

"கொமாத்ரே. நீ எழுதினது பொய்யா?"

"ஆமா."

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் அவளுக்குப் பிடித்துக்கொள்ள ஏதாவது கிடைத்திருக்கும். "அப்ப அவ வேலையிலதான் இருந்தா," என்று மட்டும் சொல்லிப் போனை வைத்துவிட்டார். பின்னால் மரிசோல் அழுவது கேட்டது. ஒன்றரை மாதம் அந்த வீட்டில் யாரும் யோலிக்காக முழு மனதோடு அழவில்லை என்பது அப்போதுதான் ஷூஷானுக்கு விளங்கியது. ஏழு மணி நேரத்தைத்தான் திருடினோம் என்று நினைத்திருந்தாள். கண்ணீரையும் திருடியிருக்கிறோம்.

விபத்தை விசாரித்த அதிகாரியின் அறை வான் நைஸில் மூன்றாவது மாடியில் இருந்தது. வாக்குமூலம் கொடுக்கப் போன ஷூஷான், வராந்தாவிலிருந்து கழற்றிய அந்தச் சுவர்க் கடிகாரத்தை ஒரு துண்டில் சுற்றிக் கொண்டுபோனாள். தளத்திலிருந்து அனுமதியில்லாமல் அவள் எடுத்த முதல் சாமான் அதுதான். கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னாள். டென்னிஸோடு வந்திருந்த வக்கீல், அப்போது பொய் எழுதினேன் என்கிறவர் இப்போது பொய் சொல்லவில்லை என்பது என்ன நிச்சயம் என்று கேட்டார். நியாயமான கேள்வி. அவள் துண்டைப் பிரித்துக் கடிகாரத்தை மேசைமேல் வைத்தாள். முள் பன்னிரண்டுக்குப் போய் நகரத் தொடங்கியது.

"இப்ப மணி ஒம்பதரை," என்றாள் ஷூஷான். "இது நிக்கற வரைக்கும் யாரும் எந்திரிக்காதீங்க. இதுக்கு முன்னாடி பன்னெண்டு மணி நேரம் நின்னுக்கிட்டே வேலை பாத்ததா நெனச்சுக்கங்க. அப்புறம் அம்பது மைல் கார் ஓட்டுங்க."

வக்கீல் சிரித்தார். அதிகாரி வயதான பெண்மணி; அவர் சிரிக்கவில்லை. பேனாவை மூடிவிட்டு நாற்காலியில் சாய்ந்துகொண்டார். இரண்டாவது மணி நேரத்தில் டென்னிஸ் எழுந்து போகப் பார்த்தான். கதவின் குமிழ் திரும்பவில்லை. நான்காவது மணி நேரத்தில், சாட்சிகளுக்கான பெஞ்சில் உட்கார்ந்திருந்த கேமரா உதவியாளர் எழுந்தார். "நானும் இருந்தேன். ரெண்டாவது தடவை காபி போட்டுக் குடுத்ததே யோலிதான்," என்றார். பிறகு மற்ற நால்வரும் ஒவ்வொருவராக எழுந்தார்கள். நாலரைக்குக் கடிகாரம் ஏழைத் தொட்டு நின்றது, கதவு திறந்தது. விடுவிக்கப்பட்ட நேரம் சனிக்கிழமை காலை ஏழு என்று அதிகாரி எழுதி, எல்லோரிடமும் கையெழுத்து வாங்கினார்.

தளத்துச் சாமானை எடுத்துச் சென்ற குற்றத்துக்காக ஷூஷானை வேலையிலிருந்து நீக்கினார்கள். டென்னிஸ் மறு வருடம் இன்னும் பெரிய தொடருக்கு மேலாளராகப் போனான். அவன் குரல் அப்படியேதான் இருக்கிறது என்கிறார்கள். மருத்துவமனைத் தொடர் இன்னும் மூன்று வருடம் ஓடியது, கடிகாரம் இல்லாமலே. சுவரில் நடந்த கோடுகளை ரசிகர்கள் ஏதோ கலை நுணுக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள். ஷூஷானை இப்போது சிறிய படங்களுக்கு அழைக்கிறார்கள். அவள் முள் வைக்கும் கடிகாரங்கள் ஓடும் என்று ஒப்பந்தத்திலேயே ஒரு வரி சேர்த்துவிடுகிறார்கள், மழைக்காலத்தில் கூரை ஒழுகும் என்று வாடகைப் பத்திரத்தில் எழுதுவதுபோல. அந்தத் தளங்களில் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் வேலை நடப்பதில்லை. கோபம் மட்டும் அவளுக்குக் குறையவில்லை. குறைய அவள் விடுவதுமில்லை.

அந்தச் சுவர்க் கடிகாரம் பாம்டேலில், எஃப்ராயினின் சமையலறையில் இருக்கிறது. அதற்கென்று சுவரில் நீல ஓடுகளை வட்டமாகப் பதித்திருக்கிறார். வாரத்தில் ஆறு நாள் அது ஓடாது. வெள்ளிக்கிழமை நள்ளிரவில் பன்னிரண்டுக்குப் போய்த் தொடங்கும். சனிக்கிழமை விடிகாலையில் ஷூஷான் வருவாள். எஃப்ராயின் கதவைத் திறப்பார். கொமாத்ரே என்று அழைப்பதில்லை, திருமதி மெலிக்யான் என்பார், கடிகாரத்துக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போடுவார். அவள் உட்கார்ந்து பார்த்திருப்பாள். ஏழு மணிக்கு அது நின்றதும் மரிசோல் முட்டை பொரிக்க அடுப்பைப் பற்றவைப்பாள். அதற்குமேல் மணி பார்க்க வேண்டுமென்றால் அடுப்பில் மின்னும் எண்களைப் பார்த்துக்கொள்கிறார்கள்.