பெரியம்மாவின் மாலைச் சுற்று

அன்று பந்தயப் பாதையோரத்தில் இருந்த எங்கள் அறையின் ஜன்னல் திறந்திருந்ததா, மூடியிருந்ததா என்பதில் எனக்கு இப்போதும் நிச்சயம் இல்லை. மூடித்தான் இருந்தது என்கிறார் மெக்கானிக் அண்ணன். நேரம் குறிக்கிற கருவிகளுக்கு வெயில் ஆகாது, அதனால் கண்ணாடியை இழுத்துவிட்டு ஏசி போட்டிருந்தோம் என்று சொல்கிறார். அவர் பொய் சொல்கிறவர் அல்ல. ஜன்னல் மூடியிருந்தால், இங்கே நான் எழுதப்போகும் சத்தத்தை, இன்னும் சரியாகச் சொன்னால் அந்தச் சத்தத்தில் விழுந்த சின்ன ஓட்டையை, நான் கேட்டிருக்கவே முடியாது. ஆனால் கேட்டேன். அன்று ஓடிய மூன்று கார்களின் நிறங்களில்கூட எனக்கும் அக்காவுக்கும் ஒத்துப்போவதில்லை. நான் சாம்பல் என்பதை அவள் நீலம் என்பாள். அந்த ஓட்டையைப் பற்றி மட்டும் அவள் மறுத்ததில்லை.

அக்கா ஒரு கார் பத்திரிகைக்கு வண்டி ஓட்டிக்கொண்டிருந்தாள். வருடத்துக்கு ஒரு முறை அவர்கள் இத்தாலியில் செய்த விளையாட்டுக் கார்களைப் பந்தய ஓடுபாதைக்குக் கொண்டுவந்து, எது ஒரு சுற்றை வேகமாக முடிக்கிறது என்று பார்ப்பார்கள். பந்தயத்துக்கென்றே பிறந்த கார்கள் அல்ல. நம்பர் பிளேட், வைப்பர், ஹாரன், இண்டிகேட்டர் எல்லாம் வைத்து, சாலையில் ஓடச் சட்டம் அனுமதித்தவை. “இதுல போய் காய்கறி வாங்கிட்டு வரலாம். பைய மட்டும் மடியில வச்சுக்கணும்” என்பார் மெக்கானிக் அண்ணன். கார்களின் பெயர்களை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால், எங்கள் வீட்டு வண்டியைக் குறைத்துச் சொன்னாயா என்று சண்டைக்கு வரும் ஆட்கள் உலகத்தில் நிறைய இருக்கிறார்கள். சிவப்பு, சாம்பல், பச்சை என்றே வைத்துக்கொள்வோம்.

நான் நேரம் குறிப்பவள். முடிவுக் கோட்டருகே ஒரு கருவி இருந்தாலும், கையில் ஒரு கடிகாரத்தை வைத்துக்கொண்டு ஒருத்தர் உட்கார்ந்திருக்க வேண்டும் என்பது பத்திரிகை ஆசிரியரின் பிடிவாதம். எனக்கு அது வசதியாக இருந்தது. ஒரு வண்டி குளிர்ந்து அடுத்தது வரும்வரை புத்தகம் படிக்கலாம். யாரும் பேச மாட்டார்கள். அக்காவும் நானும் சின்ன வயதிலிருந்தே ஒரே அறையில் மணிக்கணக்காகப் பேசாமல் இருக்கத் தெரிந்தவர்கள். அம்மாவுக்குத்தான் எங்கள் வேலை பிடிபடவே இல்லை. “சுத்திச் சுத்திப் பொறப்பட்ட எடத்துக்கே வர்றதுக்கு ஒருத்தி, அவ வந்துட்டாளான்னு பாக்குறதுக்கு இன்னொருத்தி” என்பாள். யோசித்துப் பார்த்தால் அதைவிடச் சரியாக யாரும் சொன்னதில்லை.

இந்தச் சோதனையில் நான்காவதாக ஒரு கார் உண்டு. பத்திரிகைக்குச் சொந்தமான பழைய மஞ்சள் நிற வண்டி, அதுவும் இத்தாலிக்காரிதான், இரண்டே இருக்கை. போட்டியில் அதற்கு இடம் கிடையாது. காலையில் முதல் ஆளாக ஒரு சுற்று, மாலையில் கடைசி ஆளாக ஒரு சுற்று, அவ்வளவுதான் அதன் வேலை. பாதை சூடாக இருக்கிறதா, ஈரம் இருக்கிறதா, காற்று எதிர்க்கிறதா என்பதை அதன் நேரத்தை வைத்துத்தான் கணிப்பார்கள். காலையும் மாலையும் அதன் நேரம் ஒட்டி வந்தால் நடுவில் ஓடியவற்றின் நேரங்கள் செல்லும். ஒட்டாவிட்டால் அந்த நாளே செல்லாது. மெக்கானிக் அண்ணன் அதற்குப் பெரியம்மா என்று பெயர் வைத்திருந்தார். ஒரு வீட்டில் யார் எப்படி என்று தெரிய வேண்டுமானால் பெரியம்மாவைத்தானே கேட்க வேண்டும்.

அன்று காலை பெரியம்மா மெதுவாக வந்தாள். போன வருடத்தைவிட ஏறத்தாழ ஒரு வினாடி அதிகம். வெளியில் இருப்பவர்களுக்கு ஒரு வினாடி என்பது ஒன்றுமில்லை. எங்கள் அறையில் அது, சாப்பாட்டு நேரத்தில் ஒருத்தர் எழுந்து போய்விட்ட மாதிரி. பாதை காய்ந்திருந்தது, காற்றே இல்லை.

“வண்டிக்கு வயசாயிடுச்சுபோல” என்றார் ஆசிரியர்.

“வண்டில ஒண்ணும் இல்ல சார்” என்றார் மெக்கானிக் அண்ணன். அவர் காது சிவந்துவிட்டது. “நேத்து முழுக்க நான்தான் கூட இருந்தேன். பொம்பளப் புள்ளைய அலங்காரம் பண்ணி அனுப்புற மாதிரி அனுப்பியிருக்கேன். வேற எடத்துல பாருங்க.”

ஆசிரியர் வேறு இடத்தில் பார்த்தார். கண்ணாடிக்கு வெளியே அக்கா ஹெல்மெட்டைக் கழற்றி அதற்குள் கையுறைகளைப் போட்டுக்கொண்டிருந்தாள். அவர் கெட்டவர் அல்ல. குரலைத் தாழ்த்தி என்னிடம், “அக்காவுக்கு ஒடம்பு எதுவும் சரியில்லையாம்மா?” என்றார். நான் இல்லை என்றேன். “சாயங்காலம் பெரியம்மா பழைய நேரத்துக்கு வரட்டும், காலைல ஓடினதக் கணக்குல சேக்காம விட்டுடலாம். வரலேன்னா அடுத்த வருஷம் வேற ஆளத்தான் பாக்கணும். நான் சொன்னா மனசு கஷ்டப்படும். நீயே சொல்லிடேன்.”

எனக்குக் காரணம் தெரிந்திருந்தது. எங்கள் அறையிலிருந்து பாதையின் பெரும்பகுதி தெரியும். கடைசிக்கு முந்தைய வளைவு மட்டும் மரங்களுக்குப் பின்னால் போய்விடும். அங்கே வண்டியைக் காதால்தான் பார்க்க வேண்டும். இத்தனை வருடமும் அக்கா அந்த நீண்ட வளைவை ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுக்காமல், ஒரே மூச்சில் பாடுகிற மாதிரி கடந்திருக்கிறாள். அன்று காலை அந்தப் பாட்டின் நடுவில் ஓர் இடைவெளி விழுந்தது. இமை மூடித் திறக்கும் நேரம். பிறகு மறுபடியும் இன்ஜின் எடுத்துக்கொண்டது.

மதியம் பாதையோரத்தில் அடுக்கியிருந்த பழைய டயர்களின்மேல் உட்கார்ந்து சாப்பிட்டோம். அக்கா ஒரு ஆரஞ்சை உரித்தாள். தோல் அறுபடாமல் ஒரே சுருளாக வர வேண்டும் என்பது அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே ஒரு விளையாட்டு. பாதி சுருள் வந்தபோது நான் சொன்னேன்.

“மரத்துக்குப் பின்னாடி கால எடுக்கிற.”

அவள் கை நிற்கவில்லை. “கேட்டுச்சா?”

“கேட்டுச்சு.”

“பாம்புக் காதுடி உனக்கு.”

சிவப்பு வண்டியை யாரோ துடைத்துக்கொண்டிருந்தார்கள். தோல் முழுதாக வந்ததும் அதை முழங்கால்மேல் வைத்துவிட்டு, “அங்க தண்ணி இருக்கு” என்றாள்.

“எங்க?”

“வளைவுக்கு வெளியில. வேலிக்கு அந்தாண்ட. பெருசா. எனக்குத் தெரியவே தெரியாதுடி இத்தன நாளா.”

போன மழைக்காலத்தில் ஒரு டயர் சோதனையின்போது அந்த வளைவில் வண்டி சுழன்றுவிட்டது. எனக்கும் அது தெரியும். திரும்பி வந்து, “ஒரு ரவுண்டு அடிச்சுட்டேன்” என்று சிரித்தாள், நாங்களும் சிரித்தோம். அவள் சொல்லாமல் விட்டதை இப்போது சொன்னாள். சுழன்ற வண்டி வந்த வழியைப் பார்த்து நின்றுவிட்டதாம். இன்ஜின் அணைந்துவிட்டது. கண்ணாடியில் மழை வழிகிறது. வைப்பர் ஒரு முறை துடைத்ததும் எதிரே தண்ணீர். கரை தெரியாத அளவுக்கு. அதன் நடுவில் பாதி மூழ்கிய ஒரு மரம், அதில் வெள்ளையாகப் பறவைகள், எல்லாம் மழைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. வைப்பர் மறுபடி துடைக்கும்வரை அது கலங்கும், துடைத்ததும் திரும்ப வரும். அப்படி எத்தனை முறை பார்த்தாளோ. பிறகு சாவியைத் திருப்பி வந்துவிட்டாள்.

“நேரா வரும்போது அது கண்ணுல படாது. பட்டாலும் பாக்கக் கூடாது. நீ எங்க பாக்குறியோ வண்டி அங்கதான் போகும். இது தெரியாதவன் இந்தத் தொழிலுக்கே வர முடியாது. ஆனா இப்ப அந்த எடம் வந்தா கண்ணு தானா போகுது. கண்ணு போனா கால எடுத்துத்தான ஆகணும்? பயம்னு நெனச்சுக்காத.”

“நான் நெனைக்கல. ஆசிரியர் நெனைப்பாரு.” அவர் சொன்னதைச் சொன்னேன்.

அக்கா ஒரு சுளையை என் கையில் வைத்தாள். “சாயங்காலம் ஒரு தடவ எடுக்காம வந்தா போச்சு. ஒரே ஒரு சுத்துதான.”

“கண்ணு?”

“கண்ணு என் பேச்சக் கேக்கணும்ல.”

அது கேட்காது என்று இரண்டு பேருக்கும் தெரியும். அந்தச் சுளையை நான் எவ்வளவு நேரம் கையில் வைத்திருந்தேன் என்று நினைவில்லை. வாயில் போட்டபோது வெதுவெதுப்பாக இருந்தது.

பிற்பகலில் மூன்று கார்களும் ஓடின. ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு குரல். சிவப்பு உச்சத்திலேயே கத்திக்கொண்டிருந்தது. சாம்பல், உறக்கம் கலைந்த ஒருவர் முனகுவதுபோல வந்தது. பச்சைக்கு அடிவயிற்றிலிருந்து எழும் குரல், மேஜைமேல் இருந்த என் தண்ணீர்ப் பாட்டிலில் வளையங்கள் தோன்றும். மூன்றும் மரங்களுக்குப் பின்னால் போனபோது மூன்றிலும் அதே ஓட்டை விழுந்தது. அளந்து வைத்தாற்போல ஒரே அளவு. ஒரு வண்டிக்கு அதிகம், இன்னொன்றுக்குக் குறைவு என்று அவள் வைக்கவில்லை. பச்சை முதலாவதாக வந்தது, அடுத்தது சிவப்பு. ஆசிரியர் சந்தோஷமாகத் தலைப்பு யோசிக்க ஆரம்பித்துவிட்டார். நான் கண்ணை மூடிக்கொண்டு, அந்த வேகத்திலும் தண்ணீரை ஒவ்வொரு முறையும் ஒரு கீற்றாகப் பார்த்துவிட்டு வருகிறவளை நினைத்துக்கொண்டேன். ஒரு சுற்றில் பறவையின் இறக்கை மடங்கியிருக்கும். அடுத்த சுற்றில் கொஞ்சம் விரிந்திருக்கும். எல்லாச் சுற்றுகளையும் சேர்த்தால் ஒரு பறவை எழுந்து பறந்திருக்கும்.

வெயில் சாய்ந்து பாதை தேன் நிறத்துக்கு வந்தபோது பெரியம்மாவைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். அக்கா ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு எங்கள் அறைக் கதவு வரை வந்தாள். எப்போதும் வர மாட்டாள்.

“பாத்துட்டு வரேன்” என்றாள்.

“பாத்து” என்றேன் நான்.

டயர் சூடேற ஒரு சுற்று. பிறகு கோட்டைத் தாண்டினாள், நான் கடிகாரத்தை அழுத்தினேன். முதல் வளைவு, ஏற்றம், இறக்கம், எல்லாம் போன வருடத்துப் பெரியம்மாபோல, அதைவிடவும் நன்றாக. மெக்கானிக் அண்ணன் மெல்ல, “பாத்தீங்களா சார்” என்றார். மஞ்சள் நிறம் மரங்களுக்குள் நுழைந்தது. நான் எழுந்து நின்றுவிட்டேன். காலை எடுக்காதே என்று வேண்டிக்கொள்வதா, எடுத்துவிடு என்று வேண்டிக்கொள்வதா என்று எனக்குத் தெரியவில்லை. எடுத்தால் அவள் இருக்கை போய்விடும். எடுக்காவிட்டால், கண் போன இடத்துக்கு வண்டியும் போகும்.

இன்ஜின் முழுக்குரலில் இருந்தது. பிறகு இறங்கியது. வெட்டென்று விழவில்லை, கியர் கியராக, மாடிப்படியில் ஒருவர் நிதானமாக இறங்கி வருவதைப் போல இறங்கியது. கடைசியில் ஒரு சின்ன இருமல். அதற்குமேல் சத்தம் இல்லை.

மெக்கானிக் அண்ணன் கதவைத் திறந்துகொண்டு ஓடினார். ஆசிரியர் வயர்லெஸ்ஸில் அக்காவைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். நான் ஓடவில்லை. இடித்துச் செத்த இன்ஜினுக்கும், சாவியைத் திருப்பி அணைத்த இன்ஜினுக்கும் வித்தியாசம் இருக்கிறது. அதைக் கேட்டேன் என்றுதான் இன்றும் சொல்வேன், ஜன்னல் எப்படி இருந்திருந்தாலும் சரி.

மெக்கானிக் அண்ணன் எடுத்துவந்த, பாதையைக் கூட்டுகிற வண்டியில் ஏறி மூன்று பேரும் போனோம். வளைவுக்கு முன்னால் பெரியம்மா புல்லை ஒட்டி ஓரமாக நின்றிருந்தாள். இடது பக்க இண்டிகேட்டர் எரிந்து எரிந்து அணைந்துகொண்டிருந்தது. அந்தப் பாதையில் அதற்குமுன் யாரும் இண்டிகேட்டர் போட்டதில்லை. போட்டுக் காட்ட அங்கே பின்னால் யார் வரப்போகிறார்கள்? அக்கா ஹெல்மெட்டைக் கூரைமேல் வைத்துவிட்டு வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“என்னம்மா ஆச்சு? வண்டிக்கு என்ன?” என்று ஆசிரியர் கத்தினார்.

“ஒண்ணும் ஆகல சார்.” அவள் திரும்பவில்லை. “ரோட்டுல போற வண்டிதான இது. நிறுத்தலாம்ல?”

மெக்கானிக் அண்ணன் குனிந்து பெரியம்மாவின் சக்கரத்தைத் தொட்டுப் பார்த்தார். பிறகு அவரும் வேலியருகே போனார். “அடேங்கப்பா” என்றார், கோயிலுக்குள் பேசுகிறவர் மாதிரி. தண்ணீர் இருட்டத் தொடங்கியிருந்தது. மூழ்கிய மரத்தில் பறவைகள் இடம் பிடிப்பதற்காகச் சத்தம் இல்லாமல் ஒன்றையொன்று நகர்த்திக்கொண்டிருந்தன. எங்களுக்குப் பின்னால் இண்டிகேட்டர் எரியும்போதெல்லாம் வேலிக் கம்பிகளில் ஆரஞ்சு நிறம் வந்து வந்து போனது. நானும் அக்காவும் பக்கத்தில் பக்கத்தில் நின்றோம்.

மாலை நேரம் இல்லாததால் அந்த ஒப்பீடு செல்லாமல் போயிற்று. பச்சை முதலாவதாக வந்தது யாருக்கும் தெரியாது. அடுத்த வருடம் வேறு ஒருவர் ஓட்டினார், நன்றாக ஓட்டினார். பத்திரிகை பிறகு நின்றுவிட்டது. ஆசிரியர் தன் மகன் வீட்டோடு போய்விட்டார். பெரியம்மா இப்போது மெக்கானிக் அண்ணன் வீட்டு வாசலில் நிற்கிறாள். காய்கறி வாங்க அதில்தான் போகிறார். அக்காவுக்கு வண்டிகளைப் பரிசோதிக்கும் நிலையத்தில் வேலை. சாலையில் ஓடத் தகுதியானதா என்று ஒவ்வொரு வண்டியாகப் பார்த்து, பிரேக், வைப்பர், இண்டிகேட்டர் எல்லாவற்றையும் போடச் சொல்லி அனுப்புகிறாள். இப்பவாவது ஒரு இடத்தில் நிற்கிறாள் என்று அம்மா இறக்கும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள். நான் நீச்சல் போட்டிகளுக்கு நேரம் குறிக்கிறேன். அன்று வைத்திருந்த கடிகாரத்தை நான் நிறுத்தவில்லை. அது கைப்பைக்குள் ஓடிக்கொண்டே இருந்து, பேட்டரி தீர்ந்து ஒரு நாள் தானாக நின்றது.