திரும்பி வருவார் என்று ஒரு கடிதம்

1

முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்: இந்தக் கதையில் வரும், பிரிந்துபோன மனைவி நான்தான். பெயர் ஜெயமலர், இருப்பது ஜெர்மனியில், கொலோன். கதைக்காக வேதவல்லி என்று பெயரை மாற்றிப் பார்த்தேன். அவள் என்னைவிட நல்லவளாக நடக்கத் தொடங்கிவிட்டாள். அழித்துவிட்டேன்.

2

தொடக்கம்: "ஐங்கரன் பொறுப்பில்லாத அப்பன்."

அடித்துவிட்டேன். மகள் லக்சிகாவுக்கான மாதப் பணத்தை ஆறு வருடமாக அவர் கட்டவில்லை என்பது உண்மை. ஆனால் அவள் வயதுக்கு வந்து பெரியபிள்ளையானபோது சாமத்தியவீட்டுக்கு மண்டபம், நானூறு பேருக்குச் சாப்பாடு, ஐந்து பவுன் சங்கிலி எல்லாம் அவர் செலவு. அதோடு தன் கடமை முடிந்தது என்று நினைத்துவிட்டார் மனுசன். [அந்தச் சாமத்தியவீட்டு வீடியோவை எந்த அரசாங்கக் கந்தோரில் காட்டுவது? சப்பாத்துக்கும் பள்ளிச் சுற்றுலாவுக்கும் நான் பட்ட பாடு அதில் இல்லை.]

3

போன மாதம் யாழ்ப்பாணத்தில் அவருடைய அப்பா இறந்துவிட்டார். ஐங்கரனின் பாஸ்போர்ட் காலாவதி. கொள்ளி வைக்கப் போகமுடியவில்லை. புதியதற்குப் பாஸ்போர்ட் கந்தோருக்குப் போனால், பிள்ளைக்குக் கட்டாமல் நாட்டைவிட்டு ஓடப் பார்க்கிறார் என்ற சந்தேகத்தில் நிறுத்திவைத்துவிட்டார்கள். இனி மாதாமாதம் கட்டுவதாகக் கையெழுத்து வைத்திருக்கிறார். என் கடிதமும் இருந்தால் யோசிப்பார்களாம்.

"மலர், நான் ஓடமாட்டன் எண்டு எழுதித் தாறீரே? முப்பத்தோராம் நாளுக்கு, கீரிமலையில அப்பான்ர அந்தியேட்டிக் கிரியைக்காவது நான் நிக்கவேணும். இன்னும் ஒன்பது நாள்தான் கிடக்கு."

"ஆறு வருசம் எங்கை நிண்டனீங்கள்?"

தொலைபேசியில் அழுதார். எனக்கு இரக்கம் வந்தது. அது எனக்கே பிடிக்கவில்லை.

4

முடிவு அ: நான் எழுதவில்லை. கீரிமலையில் மகன் நிற்கவேண்டிய இடத்தில் வேறு யாரோ நிற்கிறார்கள்.

முடிவு ஆ: எழுதினேன். போனவர் திரும்பவில்லை. லக்சிகா கதவு மணி அடிக்கும்போதெல்லாம் [இந்த வாக்கியத்தை என்னால்

5

குசினி மேசையில் எனக்கு எதிரே லக்சிகா வந்து இருந்தாள்.

"அம்மா, அப்பா திரும்பி வருவாரெண்டு எழுதுங்கோ."

"அது எனக்குத் தெரியாதே, பிள்ளை."

"கதையள் எழுதேக்கை மட்டும் எல்லாம் தெரிஞ்சே எழுதுறனீங்கள்?"

எழுதிவிட்டேன். ஜெர்மனில், நான்கு வரி. இந்த வாரம் நான் எழுதி அடிக்காமல் விட்டது அது மட்டும்தான். காலையில் கந்தோர்த் தபால்பெட்டியில் போட்டேன்.

ஆகவே இந்தக் கதைக்கு என்னிடம் முடிவு கேட்காதீர்கள். அதைக் கையெழுத்திட்டு அங்கே கொடுத்துவிட்டேன். உண்மையாக்குவது அவர் பாடு. அந்தியேட்டி முடிந்தபின் எந்த விமான நிலையத்திலாவது அவரைக் கண்டால், கொலோனில் பிள்ளை வழி பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று மட்டும் சொல்லிவிடுங்கள்.