தளரத் தெரியாதவர்

ஸ்டுட்கார்ட் பக்கத்து ஊர்க்காரர் ஓய்கன் ராப்புக்கு அறுபத்தெட்டு வயது. இரண்டு மாடி ஏறினால் மூச்சு வாங்கியது. ஆனாலும் மருத்துவமனைக்குப் பரிசு வாங்கப் போகிறவர் போலச் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டுதான் போனார்.

டாக்டர் வீப்கே திரையில் அவருடைய இதயத்தைக் காட்டினார். "சுருங்குறதுல ஒரு குறையும் இல்ல. ஒவ்வொரு துடிப்புக்கும் ரத்தத்தை நல்லாத் தள்ளுது."

ஓய்கன் மனைவி ரோஸ்விதாவைத் திரும்பிப் பார்த்தார். கேட்டுக்கொண்டாயா என்ற பார்வை அது.

"தளர்றதுலதான் தகராறு," என்றார் டாக்டர். "பிழிஞ்ச பிறகு இதயம் தளரணும். தளர்ந்தாத்தான் அடுத்த ரத்தம் உள்ள வந்து நிறையும். உங்களுது விறைச்சுக்கிட்டு நிக்குது. உள்ள வர இடமில்லாம ரத்தம் நுரையீரல்ல தேங்குது. மூச்சு வாங்குறது அதனாலதான்."

"எவ்வளவு நேரம் தளரணும்?"

"சும்மா உட்கார்ந்திருக்கும்போது ஒரு துடிப்புல மூணுல ரெண்டு பங்கு."

ஓய்கனுக்குத் தூக்கிவாரிப்போட்டது. முப்பத்தொன்பது ஆண்டு தொழிற்சாலை மேற்பார்வையாளராக இருந்தவர் அவர். மூன்றில் ஒரு பங்கு வேலை, மிச்சம் ஓய்வு என்று எவனாவது கேட்டிருந்தால் வாசலைக் காட்டியிருப்பார்.

"என் இதயம் அப்படிச் சோம்பேறித்தனமெல்லாம் பண்ணாது, டாக்டர்."

"அதைத்தாங்க வியாதின்னு சொல்றேன். பத்து வருஷமா ரத்த அழுத்த மாத்திரையை டப்பாவுல வச்சு அழகு பாத்திருக்கீங்க. இனி ஒழுங்காப் போடுங்க, மெதுவா நடங்க. உங்க ஊர்ப் பழக்கம் எனக்கும் தெரியும், ஒரு மாசத்துக்கு மாடிப்படியில வாளி தூக்கற வேலை வேண்டாம். மீறினா ஆம்புலன்ஸ்லதான் வருவீங்க."

வாளியைத் தொடாமல் ஒரு மாதமா! அவர்கள் கட்டடத்தில் வாரத்துக்கு ஒரு வீடு படியைப் பெருக்கித் துடைக்க வேண்டும். யார் முறையோ அவர் கதவில் பலகை தொங்கும். யார் துடைத்தாலும் ஓய்கன் பின்னாலேயே போய் மூலைகளை விரலால் தடவிப் பார்ப்பார். திருப்தி இல்லையென்றால் தானே மறுபடி துடைப்பார். திருப்தி என்ற ஒன்று அவருக்கு இதுவரை வந்ததில்லை.

சனிக்கிழமை பலகை மேல்வீட்டு டெட்லெஃப் கதவில் தொங்கியது. டெட்லெஃப் பெர்லின்காரர். பெர்லின்காரருக்குத் துடைப்பம் பிடிக்கத் தெரியும் என்று சத்தியம் செய்ய அந்த ஊரில் ஆளில்லை.

ரோஸ்விதா கதவை மறித்து நின்றாள். "இதைத் தாண்டினே, உன்னைத் தூக்க நான் வரமாட்டேன். உட்காரு."

ஓய்கன் உட்கார்ந்தார். மூன்றேகால் முதல் நான்கு மணி வரை தளர்வது என்று தாளில் எழுதியே வைத்திருந்தார். சோபாவின் நுனியில், முதுகு வளையாமல், கடிகாரத்தைப் பார்த்தபடி தளர்ந்தார்.

வெளியே துடைப்பம் ஒரு படிக்கு இரண்டு இழுப்பு இழுத்துவிட்டு அடுத்த படிக்குத் தாவியது.

"மூலையை விட்டுட்டான்."

"எனக்குக் காது கேக்கல."

"அடுத்த படியிலயும் விட்டுட்டான், ரோஸ்விதா!"

எழுந்தார். இரண்டடி வைத்தார். மூச்சு இரைத்தது. திரும்பி வந்து உட்கார்ந்துவிட்டார். ஆம்புலன்ஸ் என்ற சொல் அவரை உண்மையாகவே கலக்கியிருந்தது. அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

டெட்லெஃப் விசிலடித்துக்கொண்டே மேலே போனார். ஆடிய காலும் பாடிய வாயும் சும்மா இருக்காது என்பார்கள். அந்த ஊரில் பெருக்கிய கையும் சும்மா இருக்காது. ரோஸ்விதாவும் அதே ஊரில் பிறந்தவள்தானே.

"எட்டே நிமிஷம்!" என்று பல்லைக் கடித்தாள். "இதுக்குப் பேரு துடைக்கறதா? அந்த ஜன்னலடியை மட்டும் பாத்துட்டு, இதோ வந்துடறேன்." கை வாளிக்குப் போய்விட்டது.

ஓய்கன் எட்டி அவள் மணிக்கட்டைப் பிடித்தார்.

"போகாத. நீ போனா நானும் பின்னாடியே வந்துடுவேன். தனியா சும்மா இருக்க என்னால முடியல." பிடியை விடவில்லை. "பயமா இருக்கு, ரோஸ்விதா."

நாற்பத்தொரு வருஷ இல்லறத்தில் அவர் வாயிலிருந்து அவள் கேட்காத சொல் அது. வாளியை வைத்துவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். நான்கு மணி அடித்தது. இருவரும் எழவில்லை. படி அழுக்காகவே கிடந்தது.